சமயமும் இதழியலும் சேர்த்து முதுகலை: எங்கே, எப்படி, எவ்வளவு?

#1 நடுப்பக்கம் | திங்கள், இரவு 9.12

உள்ளூர்ப் பல்கலையில் தகவல்தொடர்பு இளங்கலை, அப்புறம் தமிழ்ச் செய்தி வேலையில் 4 ஆண்டு. சமயச் செய்தியை ஒழுங்காக எழுதக் கற்றுத்தரும் முதுகலை தேடுகிறேன். சமயவியல் பாதி, இதழியல் பாதி. கேள்வி மூன்று:

சிங்கப்பூரிலேயே கிடைக்குமா? வெளிநாடு என்றால் எங்கே, செலவு எவ்வளவு? ஆய்வுக்கென்று இங்குள்ள கோயில், பள்ளிவாசல், தேவாலயம் என்று ஏறி இறங்கினால் எந்த விதியில் மாட்டிக்கொள்வேன்?

"ஆர்வம் இருந்தால் போதும் தம்பி" என்ற ஆறுதல் வேண்டாம். விவரம் வேண்டும்.

#2 அச்சுக்கோப்பு | திங்கள், இரவு 10.05

முதல் கேள்விக்குப் பதில்: கிடைக்காது. இரண்டையும் ஒரே சான்றிதழில் கட்டித்தரும் படிப்பு இங்கே இல்லை. பாதி பாதியாக உண்டு. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலையில் வீ கிம் வீ பள்ளி தகவல்தொடர்புக்கு. அதே வளாகத்தில் ராஜரத்னம் அனைத்துலக ஆய்வுப் பள்ளி, அதாவது ஆர்எஸ்ஐஎஸ். பல்சமயச் சமூகங்களில் சமயங்களுக்கிடையிலான உறவை ஆராய 2014இல் அங்கே தனித் திட்டம் தொடங்கினார்கள். தேசியப் பல்கலையில் தெற்காசிய ஆய்வு, தகவல்தொடர்பு–புது ஊடகத் துறை, ஆசிய ஆய்வுக் கழகம் மூன்றையும் பாருங்கள்.

ஆர்எஸ்ஐஎஸ் பக்கம் போனால் ஒன்றை மனத்தில் வையுங்கள். அது பாதுகாப்பையும் அனைத்துலக உறவையும் மையமாக வைத்த பள்ளி. தீவிரவாதம், நல்லிணக்கம், அரசுக் கொள்கை என்றே பேச்சு ஓடும். கொடிமரத்தடியில் உட்கார்ந்து பூக்கட்டும் பாட்டியின் பக்தி அந்தச் சல்லடையில் நிற்காது. செய்தியாளருக்கு இரண்டும் வேண்டும்.

வெளிநாட்டில் இந்தச் சேர்க்கை பெரும்பாலும் அமெரிக்க வழக்கம். அங்கே இரண்டு வகையைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

இரட்டைப் பட்டம்: இதழியல் பள்ளிக்கு ஒரு விண்ணப்பம், சமயவியல் துறைக்கு இன்னொரு விண்ணப்பம். இரண்டு குழு தனித்தனியாக முடிவெடுக்கும். ஒன்று எடுத்து, மற்றது கைவிட்டால் உங்களுக்குக் கிடைப்பது பாதிப் படிப்புதான். கொலம்பியா இதழியல் பள்ளி சமயவியலோடு செய்துவந்த ஏற்பாடு இந்த வகை.

கூட்டுப் பட்டம்: ஒரே சேர்க்கை, ஒரே பட்டம், பாடங்கள் மட்டும் இரண்டு துறையிலிருந்து. நியூயார்க் பல்கலை பேர்வாங்கியது இதில். அங்குள்ள சமயம்–ஊடக மையம் 2003இல் பியூ அறக்கட்டளைப் பணத்தில் தொடங்கியது. "தி ரிவீலர்" என்ற இணைய இதழ் அதன் பிள்ளை. விண்ணப்பிக்கிறீர்களோ இல்லையோ, அதைப் படியுங்கள்.

இத்தகைய கூட்டுப் படிப்புகள் ஓரிரு பேராசிரியர் தோளில் நிற்பவை. அவர் ஓய்வுபெற்றால் படிப்பும் படுத்துவிடும், பெயர் மட்டும் பழைய பட்டியல்களில் ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே தேடுபொறிப் பட்டியலை நம்ப வேண்டாம். இரண்டு துறையின் சேர்க்கைப் பக்கத்திலும் அந்தப் படிப்பு இந்த ஆண்டுக்கு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அடுத்த இரண்டு பருவத்தில் யார் எதை நடத்துகிறார் என்று மின்னஞ்சலில் கேளுங்கள்.

#3 வாசல்படி | திங்கள், இரவு 10.31

நடுப்பக்கம் தம்பி, கோபப்படாதீர்கள். இதற்கெல்லாம் பட்டம் எதற்கு? சிங்கப்பூரில் சமயச் செய்தி என்பது பாதி நேரம் பணச்செய்தி. அறநிறுவன இணைவாசலைத் திறந்து கணக்கு வாசிக்கத் தெரிந்தால், சமயவியலில் முனைவர் பட்டம் வாங்கியவரைவிட நல்ல செய்தி எழுதலாம்.

எப்படி என்றால்: இணைவாசலில் கோயில் அல்லது சபையின் பதிவுப்பெயரைத் தேடுங்கள். மக்கள் வழக்கிலுள்ள பெயர் பல நேரம் வராது. ஆண்டறிக்கை, நிதிநிலை அறிக்கை இரண்டையும் குறைந்தது 3 ஆண்டுக்கு இறக்கிக்கொள்ளுங்கள். முதல் பக்கத்து வரவு-செலவைப் பார்த்து எழுதத் தொடங்காதீர்கள். பின்னால் இருக்கும் குறிப்புகளுக்குப் போங்கள். அங்கேதான் தொடர்புடைய தரப்பினருடனான பரிவர்த்தனை, கடன், முதலீடு எல்லாம் இருக்கும். அப்புறம் இருப்புநிதிக் கொள்கை, சம்பள விவரம், தணிக்கையாளர் கருத்தில் நிபந்தனை ஏதும் உண்டா என்பது. தணிக்கையாளர் திடீரென்று மாறியிருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

சிட்டி ஹார்வெஸ்ட் தேவாலய வழக்கை நினைத்துப் பாருங்கள். சபையின் கட்டட நிதியைப் போலிக் கடன்பத்திரம் வழியாகப் போதகர் மனைவியின் பாப் இசைத் தொழிலுக்குத் திருப்பிய வழக்கு அது. 2015இல் 6 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு, சம்பந்தப்பட்ட தொகை சுமார் 5 கோடி வெள்ளி. அதை எழுதக் கடன்பத்திரம் என்றால் என்ன என்று தெரிந்திருக்க வேண்டும். பைபிள் இல்லை.

#4 கோபுரநிழல் | செவ்வாய், காலை 7.48

வாசல்படி அண்ணே, நீங்கள் எடுத்த உதாரணமே உங்களுக்கு எதிராக நிற்கிறது. கடன்பத்திரம் எப்படிச் சுழன்றது என்று கணக்கர் சொல்லிவிடுவார். தீர்ப்புக்குப் பிறகும் அத்தனை பேர் அந்தச் சபையில் ஏன் இருந்தார்கள்? பாப் இசையை ஊழியம் என்று ஒரு சபை எப்படி நம்பியது? நம்புகிறவருக்குக் கடவுள் செல்வமும் தருவார் என்னும் செழிப்பு நற்செய்தி என்ற இறையியல் போக்கு தெரியாமல் அதை எழுதினால் "ஏமாந்த கூட்டம்" என்ற ஒரே வரியில் முடிந்துவிடும். அது செய்தியும் ஆகாது.

நடுப்பக்கம், முதலில் ஒரு வேறுபாடு. இறையியல் வேறு, சமயவியல் வேறு. இறையியல் கல்லூரியில் ஒரு நம்பிக்கைக்குள் நின்று படிக்கிறீர்கள். உதாரணம், 1948இல் தொடங்கிய டிரினிட்டி இறையியல் கல்லூரி. சமயவியல் என்பது நம்புகிறவரை வெளியில் நின்று, ஆனால் அவர் சொல்லாலேயே புரிந்துகொள்ளப் பார்ப்பது. நினியன் ஸ்மார்ட் 1967இல் இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலையில் தொடங்கிய துறை இந்தப் பார்வைக்கு வழிவகுத்தது. கடவுள் உண்டா இல்லையா என்ற கேள்வியை அடைப்புக்குள் போட்டுவிட்டு வேலையைப் பார்ப்பது. நிருபருக்கு உகந்தது இதுதான்.

ஸ்மார்ட் சமயத்தை ஏழு கோணமாகப் பிரித்தார்: சடங்கு, கதை, அனுபவம், அமைப்பு, நெறி–சட்டம், கோட்பாடு, பொருள்கள். பரீட்சைக்கு மனப்பாடம் செய்தால் சப்பென்று இருக்கும். செய்திக் களத்தில் சரிபார்க்கும் பட்டியலாக வைத்துக்கொண்டால் உயிர் வரும்.

தீமிதியை எடுங்கள். தீபாவளிக்கு முன்பாக, சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயில். வழக்கமாக வரும் செய்தி: எத்தனை பேர் இறங்கினார்கள், எந்த அமைச்சர் வந்தார், ஒருவர் "மனசுக்கு நிறைவா இருந்துச்சு" என்றார். முடிந்தது. ஏழில் ஒன்றரை கோணம்.

இனிக் கேளுங்கள். கதை: மாரியம்மன் கோயிலில் இறங்குகிறார்கள், ஆனால் விழா திரௌபதிக்கு. அந்தச் சன்னதி எங்கே இருக்கிறது, பாரதக் கதையின் எந்தப் பகுதி எந்த வாரம் நடக்கிறது? சடங்கு: சிராங்கூன் ரோடு பெருமாள் கோயிலிலிருந்து நடந்து வருகிறார்களே, ஏன் அங்கிருந்து? அமைப்பு: கோயில் இந்து அறக்கட்டளை வாரியத்தின் கீழ். அந்த வாரியம் 1968ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது, அதாவது சட்டப்படியான அமைப்பு. கோயில் நிர்வாகம் என்றால் ஊர்ப்பெரியவர் நாலு பேர் என்று எழுதக்கூடாது. நெறி: தீயில் ஆண்கள் மட்டும் இறங்குகிறார்கள், பெண்கள் வேறு நேர்த்திக்கடன் செய்கிறார்கள். அதைப் பற்றிப் பெண்கள் என்ன சொல்கிறார்கள்? பொருள்: குழியை அடுத்துப் பால் நிறைத்த சிறு பள்ளம். அதை நிரப்புவது யார்? அனுபவம் என்று "நிறைவா இருந்துச்சு"வைக் கடைசியில் வையுங்கள். அப்போது அந்த வரிக்கு எடை வரும்.

#5 பிறைக்கணக்கு | செவ்வாய், மதியம் 1.20

கோபுரநிழல் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். தமிழ்ச் செய்தியாளர் என்றால் இந்துச் செய்தியாளர் என்று தன்னையறியாமல் நினைத்துக்கொள்ளும் பழக்கம் இருக்கிறது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 15 வயதுக்கு மேற்பட்ட இந்தியர்களில் இந்துக்கள் 57.3%, முஸ்லிம்கள் 23.4%, கிறிஸ்தவர்கள் 12.6%. பத்தில் நாலு பேருக்கு மேல் இந்து அல்லாதவர். படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது இந்து சமயத்தில் ஆழம், இஸ்லாத்திலோ கிறிஸ்தவத்திலோ குறைந்தது இரண்டு பாடம் என்று வையுங்கள். ஏற்கெனவே தெரிந்ததை மறுபடி படிக்க 1 லட்சம் டாலர் கொடுக்காதீர்கள்.

நுணுக்கம் தெரியாததால் வரும் பிழைக்கு ஓர் உதாரணம். 2022இல் நோன்புப் பெருநாள் சிங்கப்பூரில் மே 3, மலேசியாவிலும் இந்தோனீசியாவிலும் மே 2. "பிறை தெரியாததால் சிங்கப்பூரில் ஒருநாள் தள்ளிப்போனது" என்று எழுதினால் பாதி தவறு. இங்கே முஃப்தி, அதாவது முஸ்லிம்களின் தலைமைச் சமயச் சட்ட அறிஞர், வானியல் கணக்கை அடிப்படையாக வைத்து அறிவிக்கிறார். வட்டார நாடுகளின் புதிய அளவுகோல்: சூரியன் மறையும்போது பிறை அடிவானத்துக்கு மேல் குறைந்தது 3 பாகை, சூரியனிலிருந்து விலகல் 6.4 பாகை. அந்த எண்களை எட்டுகிறதா என்பதே கேள்வி. மேகம் வந்து மறைத்தது என்ற கதை இங்கே பொருந்தாது. இதைத் தெரிந்துகொள்ள அரபு தெரிய வேண்டாம். யாரிடம் கேட்க வேண்டும் என்று தெரிந்தால் போதும்: முயிஸ், அதாவது சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம்.

#6 அச்சுக்கோப்பு | செவ்வாய், மாலை 6.55

பிறைக்கணக்கு தொட்டதை நீட்டுகிறேன். எந்த வெளிநாட்டுப் படிப்பும் உங்களுக்குச் சொல்லித்தராத ஒன்று தமிழ்ச் சமயச் சொற்கள். பக்கம் திருத்தும் மேசைக்கு வரும் மாதிரி வரிகளைப் பாருங்கள்.

"தேவாலயத்தில் பாதிரியார் பூசை நடத்தினார்." எந்தத் தேவாலயம்? ஆஃபிர் ரோட்டு லூர்து அன்னை ஆலயம் என்றால் கத்தோலிக்கம்: அருட்தந்தை திருப்பலி நிறைவேற்றினார். மெதடிஸ்ட் சபை என்றால் போதகர் ஆராதனை நடத்தினார். குழந்தைக்குக் கத்தோலிக்கர் திருமுழுக்கு என்பார்கள், மற்றவர்கள் ஞானஸ்நானம். மாற்றி எழுதினால் இரண்டு பக்கமும் உங்களைத் தெரியாதவர் என்று முடிவுகட்டிவிடும்.

"பெருமாள் கோயில் குருக்கள்." குருக்கள் சிவன் கோயில் வழக்கு. பெருமாள் கோயிலில் பட்டர் அல்லது பட்டாச்சாரியார். ஐயம் என்றால் அர்ச்சகர் என்று போடுங்கள், யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். பூசாரி என்ற சொல் கிராமத் தெய்வக் கோயிலில் மரியாதை, சில இடத்தில் அவமதிப்பு. அவரையே கேட்டுவிடுங்கள்.

"தர்காவில் தொழுகை நடத்தினர்." தொழுகை பள்ளிவாசலுக்கு. தர்காவில் ஸியாரத் (அடக்கத்தலத்தைக் காணச் செல்வது), ஃபாத்திஹா ஓதுதல். தர்காவுக்குப் போவதையே ஏற்காத முஸ்லிம்களும் இருக்கிறார்கள். ஆகவே "முஸ்லிம்கள் தர்காவில் வழிபட்டனர்" என்ற வரி இரட்டைப் பிழை. இன்னொன்று: மசூதி என்று வெளியார் எழுதுவார்கள், தமிழ் முஸ்லிம் பள்ளிவாசல் என்பார்.

கும்பாபிஷேகமா குடமுழுக்கா என்று கேட்பவர்களுக்கு: கோயில் அழைப்பிதழில் என்ன இருக்கிறதோ அது. உங்கள் மொழிக்கொள்கையைக் கட்டுரையில் காட்டுங்கள், அவர்கள் விழாவின் பெயரில் வேண்டாம்.

#7 ஆறாம்விதி | செவ்வாய், இரவு 11.14

மூன்றாவது கேள்வியை யாரும் தொடவில்லை. நான் தொடுகிறேன், கொஞ்சம் நீளும்.

செய்தியாளரும் ஆய்வாளரும் ஒரே ஆளிடம் ஒரே கேள்வியைக் கேட்டாலும் விதி வேறு. செய்தியாளர் பெயரைப் போடுவார், பெயர் இல்லாவிட்டால் ஆசிரியர் திருப்பி அனுப்புவார். ஆய்வாளர் பெயரை மறைப்பார், பெயர் இருந்தால், மனிதர்களை வைத்து நடத்தும் ஆய்வுக்கு ஒப்புதல் தரும் பல்கலையின் நெறிக்குழு திருப்பி அனுப்பும். சேர்ந்த படிப்பின் முதல் சிக்கல் இங்கே.

அமெரிக்காவில் மனிதர்களை வைத்து நடத்தும் ஆய்வுக்கான கூட்டாட்சி விதி 2018இல் திருத்தி நடைமுறைக்கு வந்தபோது, இதழியல், வாய்மொழி வரலாறு, வாழ்க்கை வரலாறு போன்றவை அந்த விதி சொல்லும் "ஆய்வு" அல்ல என்று தெளிவாக எழுதிவிட்டார்கள். அங்கே இதழியல் கட்டுரையாகச் செய்தால் நெறிக்குழு தேவைப்படாமல் போகலாம். அதே பேட்டியைச் சமயவியல் ஆய்வேட்டில் பொதுமுடிவுக்குப் பயன்படுத்தினால் தேவைப்படும். இங்கே நன்யாங்கிலோ தேசியப் பல்கலையிலோ படித்தால் அந்த அமெரிக்க விலக்கைக் காட்டி நழுவ முடியாது. அந்தந்தப் பல்கலையின் நெறிக்குழு என்ன கேட்கிறதோ அதுதான்.

நடைமுறையில் எங்கே பிசகும்:

ஒப்புதல் வருமுன் பேட்டி எடுப்பது. பின்தேதியிட்டு ஒப்புதல் தரமாட்டார்கள், எடுத்த பேட்டி ஆய்வேட்டுக்கு ஆகாது. தைப்பூசமும் தீமிதியும் ஆண்டுக்கு ஒருமுறை. விண்ணப்பம் கேள்விகளோடு திரும்பி வந்து மறுபடி போகும் காலத்தையும் சேர்த்து விழாவுக்கு 3 மாதம் முன்பே போட்டுவிடுங்கள். தவறவிட்டால் ஓர் ஆண்டு போச்சு.

ஒரே பேட்டி இரண்டு இடத்தில். ஆய்வேட்டில் "பங்கேற்பாளர் 7" என்று மறைத்துவிட்டு, அதே மேற்கோளை ஞாயிறு மலரில் பெயரோடு போட்டால் மறைத்ததற்குப் பொருள் இல்லை. ஒப்புதல் படிவத்தில் இரண்டு பயன்பாட்டையும் தனித்தனிக் கட்டமாக வையுங்கள். ஒன்றுக்குச் சரி, மற்றதற்கு வேண்டாம் என்று அவர் சொல்ல வழி இருக்க வேண்டும். படிவம் தமிழிலும் இருக்கட்டும்.

அருள் வந்த நிலையில் பேசுபவர். அந்த நேரத்தில் அவர் தலையாட்டினால் அது ஒப்புதல் ஆகாது. முன்பே கேளுங்கள், அல்லது தண்ணீர் குடித்து உட்கார்ந்த பிறகு. படம் எடுத்திருந்தால் அப்போது காட்டிக் கேளுங்கள். குத்திய அலகோடு இருக்கும் தன் முகம் ஊர் பார்க்க வேண்டாம் என்று அலுவலக வேலை பார்ப்பவர் நினைக்கலாம்.

இனிச் சட்டம். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தில் செய்தி நிறுவனங்களின் செய்திப் பணிக்கு விலக்கு உண்டு. மாணவர் என்ற முறையில் போகும்போது நீங்கள் செய்தி நிறுவனம் அல்ல. பழைய அடையாள அட்டையைக் காட்டிவிட்டு ஆய்வுக்குத் தகவல் திரட்டுவது இரண்டு பக்கமும் வம்பு.

சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம் 1990இல் நிறைவேறி 1992இல் நடப்புக்கு வந்தது. 2019இல் திருத்தினார்கள், திருத்தங்கள் 2022 நவம்பரில் நடப்புக்கு வந்தன. சமயப் பகையைத் தூண்டுபவரைத் தடுக்கும் தடையாணைக்கு முன்பு 14 நாள் முன்னறிவிப்பு இருந்தது, இப்போது உடனே நடப்புக்கு வரும். 2019 விவாதம் வரை அப்படி ஓர் ஆணைகூடப் பிறப்பிக்கப்பட்டதில்லை. செய்தியாளருக்குப் பயன்படும் இன்னொரு பிரிவு: சமய அமைப்பு 10,000 வெள்ளியோ அதற்கு மேலோ வெளிநாட்டு நன்கொடை பெற்றால் தெரிவிக்க வேண்டும். அமைப்பிடம் "தெரிவித்தீர்களா?" என்று கேட்கலாம், அது நியாயமான கேள்வி.

இன்னொரு சமயத்தவரைப் புண்படுத்தும் பேச்சை எழுத நேர்ந்தால், பேச்சைச் சொல்லுக்குச் சொல் தலைப்பில் தூக்கி வைக்காதீர்கள். என்ன நடந்தது, எங்கே, யார் புகார் செய்தார் என்பதே செய்தி.

#8 வாசல்படி | புதன், காலை 8.02

ஆறாம்விதி, இத்தனைக்கும் பிறகு யார்தான் சமயம் பற்றி எழுதுவார்? இரத்ததானம், அன்னதானம், பெருநாள் பஜார் என்று எழுதிவிட்டுப் போகலாம் போலிருக்கிறதே.

#9 ஆறாம்விதி | புதன், காலை 8.40

அன்னதானத்தையே ஒழுங்காக எழுதினால் போதுமே அண்ணே. அரிசி யார் கொடுத்தது, வரிசையில் வெளிநாட்டு ஊழியர் எத்தனை பேர், மிச்சம் எங்கே போகிறது? எல்லைக்கு உள்ளேயே இடம் நிறைய இருக்கிறது. தைப்பூச இசைக் கட்டுப்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பல்லாண்டுக் கட்டுப்பாட்டுக்குப் பிறகு 2016இல் ஊர்வலப் பாதையில் 3 இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி வந்தது. அனுமதி யார் கேட்டார்கள், என்ன நிபந்தனை, அந்த இடங்களை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள்? யாரையும் புண்படுத்தாமல் கேட்கக்கூடிய கேள்விகள்தாம். பயத்தைவிட இங்கே அதிகம் கெடுப்பது சோம்பல்.

#10 ஏழாம்கடல் | புதன், மதியம் 12.33

பணமும் விசாவும் என் பங்கு.

அமெரிக்கத் தனியார் பல்கலையில் கட்டணம், வாடகை, காப்புறுதி எல்லாம் சேர்த்து ஓராண்டுக்கே 1 லட்சம் அமெரிக்க டாலர் தாண்டும். இரட்டைப் பட்டம் என்றால் 2 ஆண்டு. மாணவர் விசாவுக்குத் தேவையான ஐ-20 படிவத்தைப் பல்கலை தருமுன் முதல் ஆண்டுச் செலவுக்குப் பணம் இருப்பதைக் காட்டச் சொல்வார்கள். அப்பா பெயரிலுள்ள வீடு கணக்கில் வராது. எடுக்கக்கூடிய பணம், உதவித்தொகைக் கடிதம், கடன் ஒப்புதல் இவைதாம். வெளிநாட்டு மாணவர் பதிவுக்கான செவிஸ் கட்டணம் 350 டாலர் தனி.

பலர் தவறவிடுவது: படிப்புக்குப் பின் வேலைப்பயிற்சி அனுமதி முதுகலை நிலைக்கு மொத்தம் 12 மாதம். இரண்டு முதுகலை வாங்கினாலும் அதே 12தான். அதற்கு மேல் தங்க, சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு எச்-1பி1 என்ற வேலை விசா உண்டு. தாராள வாணிப உடன்பாட்டால் ஆண்டுக்கு 5,400 இடம், குலுக்கல் கிடையாது. நிரந்தரவாசிக்கு அது இல்லை. அமெரிக்க அரசின் ஃபுல்பிரைட் உதவித்தொகையில் போனால் பணச்சுமை குறையும், ஆனால் முடித்ததும் 2 ஆண்டு ஊரில் இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனை ஒட்டிக்கொள்ளும். ஊருக்குத் திரும்பத்தான் போகிறேன் என்பவருக்கு அது நிபந்தனையே இல்லை.

வேலை அனுபவம் உள்ளவர்களுக்கு இன்னொரு வழி: ஹார்வர்டு இறையியல் பள்ளியில் சமயமும் பொதுவாழ்வும் என்ற ஓராண்டு முதுகலை. ஏற்கெனவே ஒரு தொழிலில் இருப்பவர்களுக்கென்றே வைத்தது. இதழியல் கற்றுத்தரமாட்டார்கள். நாலாண்டு செய்தி எழுதியவருக்கு அதை மறுபடி கற்றுத்தரவும் வேண்டாம். ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் தெற்காசியக் கழகம் இருக்கிறது. அந்த மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவருக்குப் பருவத்துக்கு 1,500 யூரோ. நியூயார்க் கட்டணத்தின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

வேலைச் சந்தை பற்றி ஒரு வரி. அமெரிக்காவிலேயே சமயச் செய்தி பெரும்பகுதி அறக்கட்டளைப் பணத்தில் ஓடுகிறது. 2019இல் லில்லி அறக்கட்டளை 49 லட்சம் டாலர் கொடுத்துத்தான் ஏபி செய்தி நிறுவனமும் 1934 முதல் இயங்கும் ரிலிஜன் நியூஸ் சர்வீஸும் இன்னொரு தளமும் சேர்ந்து நிருபர்களைக் கூட்டின. அந்த வேலையை நம்பிக் கடன் வாங்க வேண்டாம்.

#11 கோபுரநிழல் | புதன், இரவு 9.26

ஏழாம்கடல் அக்கா சொன்னதை ஒட்டி, விண்ணப்பத்தில் தமிழை எப்படி வைப்பது என்று. சமயவியல் துறைகள் மாணவர் ஒரு மூலமொழி வாசிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும். சமஸ்கிருதமும் அரபும் அவர்கள் வழக்கமாகப் பார்ப்பவை. தமிழ் சரளமாக வாசிப்பவர், அதிலும் பழைய நாளிதழ் நடையைப் படிப்பவர், அரிது. பலர் "தாய்மொழி: தமிழ்" என்று ஓரத்தில் ஒரு வரி போட்டுவிட்டு விடுகிறார்கள். நோக்கக் கடிதத்தின் இரண்டாம் பத்தியிலேயே, தமிழ் தெரிந்தால் மட்டும் செய்யக்கூடிய ஆய்வு இது என்று காட்டுங்கள். தமிழுக்கு வலுவான சிகாகோ, பெர்க்லி போன்ற இடங்களில் அந்த வரியைப் படிக்க ஆளும் இருக்கிறது.

நோக்கக் கடிதம் கவிழும் இடம் எது என்றால், "பல இன, பல சமயச் சிங்கப்பூரில் பிறந்த நான்" என்ற தொடக்கம். சேர்க்கைக் குழுவுக்கு அது பயண விளம்பரம். ஒரு சம்பவம், ஒரு கேள்வி, அதற்கு இருக்கும் ஆவணம், இந்தத் துறையில் யாரிடம் என்ன கற்க வேண்டும். அந்த வரிசை போதும்.

நடுப்பக்கம், உங்கள் கேள்வி என்ன? அதைச் சொல்லாமல் படிப்பைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

#12 நடுப்பக்கம் | வியாழன், மாலை 7.10

எல்லாருக்கும் நன்றி. வாசல்படி அண்ணன் சொன்ன கணக்கு வாசிப்பை இன்றே தொடங்கியாயிற்று, நிதிநிலைக் குறிப்புகள் உண்மையிலேயே வேறு உலகம்.

கேள்வி இது: 1950 டிசம்பர் மரியா ஹெர்டோக் கலவரத்தைத் தமிழ் நாளிதழ்கள் எப்படி எழுதின? சிறுமி டச்சுப் பெற்றோரிடமா, மலாய் முஸ்லிம் வளர்ப்புத்தாயிடமா என்ற வழக்கை ஒட்டி மூண்டது அது. ஆங்கில, மலாய்ப் பத்திரிகைகள் பற்றிப் பேசுகிறார்கள், தமிழ் பற்றி அவ்வளவாகக் காணோம். தொடக்கம் இப்படி எழுதினேன்: "1950 டிசம்பர் 11 அன்று, மரியா ஹெர்டோக் என்ற டச்சுச் சிறுமியின் வழக்கால் சிங்கப்பூரில் மதக் கலவரம் மூண்டு 18 பேர் மாண்டனர், 173 பேர் காயமடைந்தனர்." சரியா?

#13 அச்சுக்கோப்பு | வியாழன், இரவு 8.22

கேள்வி அருமை. சாரங்கபாணி தமிழர் சீர்திருத்தச் சங்கத்துக்காரர். 1935இல் அவர் தொடங்கிய தமிழ் முரசு சடங்குகளையே விமர்சித்துப் பழகிய ஏடு. இந்த வழக்கில் வளர்ப்புத்தாய் பக்கம் நின்ற போராட்டக் குழுவுக்குத் தலைமை தாங்கிய கரீம் கனியோ தமிழ்ப் பத்திரிகையாளர். ஒரே மொழிக்குள் இரண்டு எதிர்க்கோணம். இதைவிட நல்ல ஒப்பீடு கிடைக்காது. விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்தின் 11ஆம் மாடியில் தொடங்குங்கள். இணையத் தொகுப்பில் தேடும்போது பெயரைப் பல எழுத்துக்கூட்டலில் போடுங்கள்: ஹெர்டோக், ஹெர்தாக், எர்டோக், நத்ரா, நட்ரா, நாதிரா. அந்தக் காலத்தில் அச்சுக்கோத்தவர் காதில் விழுந்தபடி கோத்திருப்பார்.

உங்கள் வரியில் "வழக்கால்" என்பது நழுவல். சிறுமியைப் பெற்றோரிடம் ஒப்படைக்கச் சொன்ன தீர்ப்பு டிசம்பர் 2. இடையில் 9 நாள். அந்த நாள்களில் சிறுமி கன்னிமாடத்தில் கன்னியாஸ்திரீகளோடு இருக்கும் படங்களைப் பத்திரிகைகள் வெளியிட்டன. உங்கள் ஆய்வே அந்த 9 நாள்தானே? அதை முதல் வரியிலேயே விழுங்கிவிட்டீர்கள்.

#14 பிறைக்கணக்கு | வியாழன், இரவு 9.05

"டச்சுச் சிறுமி" என்றாலே ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. வளர்ப்புத்தாய் சே அமீனாவுக்கு அவள் நத்ரா, மலாய் முஸ்லிம் மகள். பெற்றோருக்கும் நீதிமன்றத்துக்கும் மரியா. எந்தப் பெயரை முதலில் போடுகிறீர்கள் என்பதை வைத்தே அன்றைய வாசகர் எந்தப் பத்திரிகை என்று சொல்லியிருப்பார்.

#15 நடுப்பக்கம் | வியாழன், இரவு 9.31

அப்படியானால் எதைப் போடுவது? இரண்டையும் சாய்கோடு போட்டு எழுதினால் படிவம் மாதிரி இருக்கிறது.

#16 அச்சுக்கோப்பு | வியாழன், இரவு 9.58

முதல் முறை மட்டும் இரண்டும்: "பெற்றோர் மரியா என்றும் வளர்ப்புத்தாய் நத்ரா என்றும் அழைத்த 13 வயதுச் சிறுமி." அதற்குப் பிறகு "சிறுமி" போதும். பத்திரிகையை மேற்கோள் காட்டும் இடத்தில் அந்தப் பத்திரிகை போட்ட பெயரை அப்படியே விடுங்கள், திருத்தாதீர்கள். எந்த ஏடு எந்தத் தேதியில் எந்தப் பெயர் போட்டது என்று ஒரு நெடுவரிசை இப்போதே திறந்துகொள்ளுங்கள். 9 நாளுக்குள் ஏதாவது ஓர் ஏடு பெயரை மாற்றியிருந்தால் உங்கள் முதல் அத்தியாயம் அங்கிருந்து தொடங்கும்.